பள்ளத்தின் முழு மாதிரி

மனித குலத்தின் அறிவுத் தாகம் எங்கே குடியிருக்கிறது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லிவிடலாம்: சந்தைத் தெருவில், மருந்துக் கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில். படிக்கட்டில் விளக்கு எரியாது. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினால் 'செந்நில மூல ஆய்வகம்' என்ற பலகை தெரியும். காணாமல் போன கோப்பைத் தேடுவதற்கு உலகில் எத்தனையோ அலுவலகங்கள் இருக்கின்றன. காணாமல் போகாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த பெருமை இந்த அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு.

அது தேடியது மண்ணின் பூர்வீகத்தை. ஊரைச் சுற்றியிருந்த குன்றுகளெல்லாம் சுண்ணாம்புப் பாறை. புதிதாக வெள்ளையடித்த சுவரைப்போலக் கண் கூசும். ஆனால் அந்த வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே பள்ளம் விழுந்த இடங்களில் மட்டும் செங்கல் நிறத்தில் மண் கிடந்தது. வெள்ளைப் பாறைக்குள் சிவப்பு மண் எப்படி வந்தது? இந்தக் கேள்வியைத்தான் ஆய்வகம் பல வருடங்களாக வாடாமல் வதங்காமல் பாதுகாத்து வந்தது. பதில் கிடைத்துவிட்டால் அலுவலகத்தை மூட வேண்டியிருக்கும் என்பது கடைநிலை ஊழியர் வரைக்கும் தெரியும். ஆகவே எல்லோரும் பொறுப்போடு நடந்துகொண்டார்கள்.

ஆய்வகத்தில் இரண்டு பிரிவுகள். பாறைப் பிரிவு, தூசிப் பிரிவு.

பாறைப் பிரிவின் தலைவர் சொல்வது இது. மழைக்காலத்தில் மழை பெய்கிறது. மழைத்தண்ணீர் காற்றிலிருந்தும் வேர்களிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, லேசாகப் புளித்துப்போய்ப் பாறை இடுக்குகளில் இறங்குகிறது. சுண்ணாம்புப் பாறை பார்க்கத்தான் முரடு. புளிப்பு பட்டால் கரைந்து தண்ணீரோடு போய்விடும். பாறைக்குள் அழுக்குப்போல ஒளிந்திருந்த கொஞ்சம் களிமண்ணும் கொஞ்சம் இரும்பும் மட்டும் கரையாமல் தங்கும். அப்புறம் கோடை. அந்தப் பக்கத்துக் கோடையில் மேகம்கூடக் கடனுக்குத்தான் வரும். வெயிலில் ஈரமெல்லாம் வற்றி, இரும்பு துருப்பிடித்துச் சிவந்துவிடுகிறது. மறுபடி மழை, மறுபடி கோடை. இப்படி ஒரு விரல் கனத்துக்கு மண் சேர்வதற்குள் எத்தனையோ ராஜ்ஜியங்கள் வந்து போய்விடும். கரைகிறவர்கள் கரைந்து போக, கரையாதவர்கள் அடியில் தங்கிக் கெட்டிப்படும் இந்த முறைக்கு அலுவலகங்களில் 'பணிமூப்பு' என்று பெயர்.

தூசிப் பிரிவின் தலைவி இதைக் கேட்டாலே சிரிப்பார். இத்தனை மண் மிஞ்ச வேண்டுமானால் எத்தனை பாறை கரைந்திருக்க வேண்டும், மலையே மிஞ்சியிருக்காதே என்பார். அவர் கட்சி, மண் மேலேயிருந்து வந்தது. கடலுக்கு அப்பால் ஏதோ பாலைவனத்தில் கிளம்பிய தூசி காற்றில் மிதந்து வந்து பள்ளங்களில் இறங்கி, இங்கே வந்த பிறகு சிவந்தது. சிவந்தது என்பதில் மட்டும் இரண்டு பிரிவுக்கும் சண்டையில்லை. இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் நடந்திருக்கலாமே என்று முன்பொருமுறை ஒரு தட்டச்சர் கேட்டிருக்கிறார். அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்.

இந்த இரு சிகரங்களுக்கும் நடுவே இயக்குநர் வீற்றிருந்தார். அவருடைய படிப்பு என்னவென்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் அவருடைய நடுநிலை ஊரறிந்தது. "ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு" என்று தூக்கத்தில்கூடச் சொல்வார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். அவர் கொண்டுவந்த மகத்தான சட்டம் 'சம மாதிரி விதி'. ஒரு பிரிவு ஒரு மூட்டை மண் எடுத்தால் இன்னொரு பிரிவும் ஒரு மூட்டை எடுக்க வேண்டும். யாருக்கும் குறை இருக்கக்கூடாது. அதற்கு ஒரு துணை விதியும் உண்டு: தோண்டிய மண்ணைத் திரும்பப் போடக் கூடாது. அது 'கை பட்ட மண்' ஆகிவிடும். கை பட்ட மண்ணைக் கை படாத மண்ணோடு சேர்ப்பது அறிவியலுக்கு அடுக்காது.

இந்த மண்ணையெல்லாம் எடுத்து, மூட்டை கட்டி, சீட்டு ஒட்டி மாடிக்குக் கொண்டுவருகிற கடமை தற்காலிக மாதிரி அலுவலருடையது. 'தற்காலிகம்' என்பதற்கு மண்ணின் கணக்கில் என்ன பொருளோ அதே பொருள்தான் அங்கேயும். கறுப்பு மீசையோடு தற்காலிகமாகச் சேர்ந்தவர். மீசை நரைத்தும் உத்தரவு வந்தபாடில்லை. ஒவ்வொரு வருடமும் இயக்குநரிடம் போய் நிற்பார். "உங்க விஷயம் படிஞ்சுக்கிட்டே இருக்குப்பா" என்பார் இயக்குநர்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் கதவு திறந்தது. இரண்டு பிரிவுக்கும் ஒரேயடியாகத் தீர்ப்பு சொல்ல ஒரு 'மாபெரும் கூட்டு ஆய்வு' நடத்துவதென்று முடிவாயிற்று. அதற்குக் கலப்பையோ கடப்பாரையோ அதிகம் படாத, ஆழமான, தூய்மையான ஒரு பள்ளம் வேண்டும்.

"அந்த மாதிரி ஒரு எடத்தை யார் பிடிச்சுக் குடுக்குறாங்களோ, அவங்க பேர் நிரந்தரப் பட்டியல்ல முதல்ல இருக்கும்" என்றார் இயக்குநர்.

மாதிரி அலுவலர் எழுந்து நின்றார். "எங்க அக்காவோட பள்ளம் ஒண்ணு இருக்கு சார்."

அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்கு மேற்கே, குன்றின் வயிற்றில், ஒரு கிண்ணத்தை நிமிர்த்தி வைத்ததுபோல இருக்கும். சுற்றி எங்கே பார்த்தாலும் பாறை. உள்ளே மட்டும் மார்பளவு சிவப்பு மண். அதில் அக்காவின் திராட்சைக் கொடிகள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்தது அந்தப் பள்ளம்தான். அக்காவுக்கு அதைத் தவிர வேறு ஒரு சாண் நிலம் கிடையாது. மாமாவுக்கு முதுகுவலி வந்து வண்டி ஓட்டுவதை விட்ட பிறகு குடும்பமே அந்தக் கொடிகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மாதிரி அலுவலர் போனபோது அக்கா கொடிக்குக் கிளை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கைப்பிடிதான்க்கா. ஆராய்ச்சிக்கு."

"மண்ணுல என்னடா ஆராய்ச்சி?"

"எப்படி வந்துச்சுன்னு பாக்கணும்."

"அதான் வந்துருச்சுல்ல. அப்புறம் என்ன?"

"எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே..." என்று தொடங்கியவருக்கு மேலே வரவில்லை. அந்த வாக்கியத்தை ஆய்வகத்தில் யாருமே இதுவரை முடித்ததில்லை.

மாமா மரத்தடியில் படுத்திருந்தபடியே சொன்னார்: "குடுத்துரு. உன் தம்பிக்கு வேலை நிரந்தரமானா, நம்ம மண்ணுக்கும்தானே பேரு."

அக்கா கத்தரியை மடக்கிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவள் பார்வையில் பெருமைதான் இருந்தது. "உனக்கு நல்லது நடந்தா சரிடா. ஆனா எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். பாத்து எடு" என்றாள்.

அறிவியல் பள்ளத்துக்குள் இறங்கியது.

முதலில் பாறைப் பிரிவு. அவர்களுக்கு வேண்டியது பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிமண். மேல் மண்ணை அவர்கள் சீண்டவே மாட்டார்கள். அடிமண்ணை எடுப்பதற்காக அதை வெட்டி வெளியே மட்டும் போடுவார்கள். பிறகு தூசிப் பிரிவு. காற்றில் வந்தது மேலேதான் விழுந்திருக்கும் என்பதால் அவர்களுக்கு வேண்டியது மேல் மண் மட்டும். பள்ளம் முழுவதும், தோசைக் கரண்டியால் வழிப்பது போல, மெல்லிசாக வழித்தெடுத்தார்கள். மூட்டைகளை எண்ணிப் பார்த்தபோது பாறைப் பிரிவுக்கு இரண்டு மூட்டை குறைந்தது. விதிப்படி சரிசெய்தார்கள். சரிசெய்ததில் தூசிப் பிரிவுக்குக் குறைந்தது.

"நியாயம்னு ஒண்ணு இருக்கு சார்" என்றார் தூசித் தலைவி.

"நான் மட்டும் அநியாயத்தையா கேக்குறேன்?" என்றார் பாறைத் தலைவர்.

"ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு" என்றார் இயக்குநர். இரண்டு பேரும் மறுபடி எடுத்தார்கள்.

கொடிகளின் வேர் மண்ணுக்குள் புளிப்பை விடுகிறது, அது முடிவைப் பாதிக்கும் என்று பாறைப் பிரிவு ஆட்சேபித்தது. வேர் மண்ணைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, தூசியின் இயல்பான அசைவைக் காண முடியவில்லை என்று தூசிப் பிரிவும் ஆட்சேபித்தது. வரலாற்றில் முதல்முறையாக இரு பிரிவும் ஒரே கருத்துக்கு வந்தன. அந்த ஒற்றுமையை எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள். மறுநாள் நடுவரிசைக் கொடிகள் பிடுங்கப்பட்டன.

அன்றைக்கு அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். இருட்டுப் படிக்கட்டில் மூட்டைகளில் முட்டி மோதி ஏறி, வராந்தாவில் நின்று பார்த்தாள். சுவரோரம் முழுக்க அவளுடைய மண் அடுக்கிவைத்திருந்தது. ஒவ்வொரு மூட்டையிலும் தம்பியின் அழகான கையெழுத்து.

"டேய், கைப்பிடின்னுதானே சொன்ன?"

"ஒவ்வொரு தடவையும் கைப்பிடிதான்க்கா. தடவைதான் கொஞ்சம் கூடிப்போச்சு."

"எப்ப திருப்பிக் கொண்டாருவ?"

மாதிரி அலுவலருக்குத் துணை விதி நினைவுக்கு வந்தது. அதை அக்காவிடம் சொல்ல மனம் வரவில்லை. இந்த மூட்டைகளை வண்டியில் ஏற்றி ராவோடு ராவாகக் குன்றுக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட முடியும் என்பதும் அவருக்குத் தெரியும்; அலுவலகச் சாவிகளில் ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் நிரந்தர உத்தரவு இயக்குநரின் மேஜையில், கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அது வரட்டும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"உத்தரவு வந்துரட்டும்க்கா. வந்த மறுநாளே பாக்குறேன்."

அக்கா தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். அவள் அவரை நம்பினாள். சிறுவயதில் தேர்வில் தேறிவிட்டேன் என்று அவர் சொன்ன பொய்யைக்கூட நம்பியவள் அவள்.

இதற்குள் பள்ளத்தில் ஒரு நுட்பமான சிக்கல் எழுந்திருந்தது. அடிமண் பாறைப் பிரிவுக்குப் போயிற்று. மேல் மண் தூசிப் பிரிவுக்குப் போயிற்று. வெட்டிப் போட்டதில் நடுமண் அனாதையாகக் கரையில் கிடந்தது. அதை எந்தப் பிரிவுக்குக் கொடுத்தாலும் இன்னொரு பிரிவு கோபித்துக்கொள்ளும். இயக்குநர் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். மூன்றாம் நாள் வெளியே வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"நடுமண்ணை நான் எடுத்துக்குறேன். 'நடுநிலை மாதிரி'ன்னு பேர் போடுங்க."

"சார், அதையும் எடுத்துட்டா அங்க ஒண்ணும் இருக்காதே" என்றார் மாதிரி அலுவலர். தன் பணிக்காலத்தில் அவர் சொன்ன ஒரே எதிர்ப்பு அதுதான்.

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். "மாதிரின்னா என்னப்பா? முழுசையும் எடுத்துக்காட்டுறது. கொஞ்சமா எடுத்தா கொஞ்சமாத்தான் காட்டும். நிறைய எடுத்தா நிறைய காட்டும். ஒரு பள்ளத்தைத் துளிப் பிழை இல்லாம காட்டுற மாதிரி எதுன்னு கேட்டா, அந்தப் பள்ளம் மொத்தமும்தான். உலகத்துல எந்த ஆய்வகமும் இது வரைக்கும் முழு மாதிரி எடுத்ததில்ல. நாம எடுக்கப்போறோம்."

பாறைத் தலைவர் கண் கலங்கினார். தூசித் தலைவி மூக்கை உறிஞ்சினார். அது தூசியாகவும் இருக்கலாம்.

முழு மாதிரி எடுக்கப்பட்டது. இடுக்குகளில் மிச்சமிருந்ததைத் துடைப்பத்தால் கூட்டி எடுத்தார்கள். அதற்கும் தப்பியதை அந்த வருடத்து முதல் மழை வழித்துக்கொண்டு போயிற்று. மழைக்குச் சம மாதிரி விதி தெரியாது. யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டது. கடைசி வரிசைக் கொடிகள் நிற்க இடமில்லாமல் பாறைமேல் சாய்ந்து கிடந்தன.

அதே வாரம் மருந்துக் கடைக்காரர் மாடியேறி வந்தார். தன் கடைக் கூரையில் விரிசல் விழுந்திருக்கிறது, இருமல் மருந்துப் புட்டிகளுக்குள் சிவப்பாக ஏதோ உதிர்கிறது, வாங்குகிறவர்கள் புது மருந்தா என்று கேட்கிறார்கள் என்றார். இயக்குநர் உடனே செயல்பட்டார். அலுவலகங்கள் மெத்தனமானவை என்று சொல்கிறவர்கள் அன்றைக்கு அங்கே இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மாதிரி அலுவலர் ஏறிவந்தபோது வராந்தா பளபளவென்றிருந்தது. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஒரு மூட்டை கிடையாது.

"சார், மூட்டையெல்லாம்?"

"பஸ் நிலையத்துக்குப் பக்கத்துல வண்டி நிறுத்தற எடம் கட்டுறாங்கல்ல, மேடு பள்ளமா இருந்துச்சாம். குடுத்துட்டேன். கொட்டி, உருளை ஓட்டி, தாரும் ஊத்தியாச்சு. கை பட்ட மண்ணுதானே, நமக்கு எதுக்கு?" இயக்குநர் வராந்தாவைப் பெருமையாகப் பார்த்தார். "எவ்வளவு காத்தோட்டமா இருக்கு பாரு."

மாதிரி அலுவலர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். நேற்றிரவு சாவி அதில்தான் இருந்தது. "சார், அது எங்க அக்காவோட..." என்று ஆரம்பித்தார்.

"அப்புறம், உன் உத்தரவு இன்னிக்குப் பாக்குறேன்" என்றார் இயக்குநர்.

மாதிரி அலுவலர் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் உத்தரவில் கையெழுத்து விழவில்லை. ஒரு சின்னத் தடங்கல். மாதிரி எடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் மாதிரி அலுவலரை நிரந்தரமாக்குவது எப்படி என்று பாறைத் தலைவர் கேட்டார். தூசித் தலைவியும் ஆமோதித்தார். இவர்களுடைய ஒற்றுமை வளர்ந்துகொண்டே போவது எல்லோருக்கும் மகிழ்ச்சியளித்தது.

இறுதி முடிவை எழுதுவதற்காக ஒரு வெயில் நாளில் நால்வரும் குன்றுக்குப் போனார்கள். பள்ளம் கழுவிய கிண்ணம்போல வெள்ளையாகக் கிடந்தது. அக்கா அதன் கரையில் நின்றுகொண்டிருந்தாள். மாமா கொஞ்சம் தள்ளி, காய்ந்த கொடிகளை விறகாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

பாறைத் தலைவர் உள்ளே இறங்கி, பாறையில் தண்ணீர் அரித்த பள்ளங்களையும் துளைகளையும் தடவிப் பார்த்தார். "பாத்தீங்களா, எப்படிக் கரைஞ்சிருக்குன்னு. நான் சொன்னது நிரூபணம் ஆயிருச்சு."

தூசித் தலைவி கைக்குட்டையால் பாறையை ஒரு துடை துடைத்துக் காட்டினார். மெல்லிய பழுப்புத் தூசி ஒட்டியிருந்தது. "மழை நின்னு எத்தனை நாளாச்சு, அதுக்குள்ள வந்து உக்காந்திருக்கு. நான் சொன்னதுதான் நிரூபணம்."

"ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு" என்றார் இயக்குநர்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, மண்ணு எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறோம்னு சொன்னீங்க. கண்டுபிடிச்சாச்சா?"

"கருத்து வேற்றுமை இருக்கும்மா. ஆனா ஆரோக்கியமான வேற்றுமை."

"சரிங்க. எப்படிப் போச்சு?"

இயக்குநர் வருத்தத்தோடு கையை விரித்தார். "அது எங்க வரம்புல வராதும்மா. நாங்க 'மூல' ஆய்வகம். மண்ணு எப்படி வருதுங்கிறது மட்டும்தான் எங்க பொறுப்பு. போறதுக்கு வேற ஆபீஸ் வேணும்."

"அது எங்க இருக்கு?"

"இன்னும் ஆரம்பிக்கல" என்றார் இயக்குநர். சொல்லி முடித்ததும் அவர் முகம் மெல்ல மலர்ந்தது. நடுமண் விஷயத்தில் தெரிந்த அதே தெளிவு. "ஆரம்பிச்சா என்ன? 'செந்நில இழப்பு ஆய்வுப் பிரிவு'. முதல் ஆய்விடம் இதுவே. நம்ம மாதிரி அலுவலரையே அதுக்குத் தலைவராப் போட்டுரலாம். நிரந்தரமா."

பாறைத் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "தலைவர் பதவிக்கு முன் அனுபவம் வேணுமே சார். இவருக்கு இருக்கா?"

அக்காதான் அதற்குப் பதில் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. கோபம்கூட இல்லை, அழுது முடித்தவளின் குரல் அது.

"இருக்குங்கய்யா. நீங்க நின்னுக்கிட்டு இருக்கீங்களே, இந்தப் பாறை முழுக்க அவன் அனுபவந்தான்."

இயக்குநர் மகிழ்ந்துபோனார். பாதிக்கப்பட்டவரே பரிந்துரைக்கிறார், இதைவிட நற்சான்று வேறென்ன வேண்டும் என்று சொல்லி, உத்தரவை வெளியே எடுத்து, பாறைத் தலைவரின் முதுகின்மேல் வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

அக்கா இன்னும் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்தார், இரண்டு கையாலும் உத்தரவை வாங்கிக்கொண்டார், இயக்குநருக்கு நன்றி சொன்னார்.